பழைய சிரிப்புப் படம் சேர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய படம் சேர்ப்பவர்களில் பலர் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவை எங்கும் ஓடிப் போகாது. இந்தியாவில் யாராவது ஒருவர் வைத்திருப்பார். யாரும் கண்டுகொள்ளாத சிரிப்புப் படங்களை, அதிலும் இலங்கையில் எடுத்தவற்றை விட்டுவிடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு.

1976இல் வந்த ‘கோமாளிகள்’ எஸ். ராம்தாஸின் வானொலி நாடகத்திலிருந்து பிறந்த படம். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், மரிக்காராக ராம்தாஸ், உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். ஆளுக்கொரு தமிழ் பேசி முட்டிக்கொள்வதில்தான் சிரிப்பே இருக்கிறது. அதனால் இப்படியான படத்தை வாங்கும்போது படம் தெளிவா என்று மட்டும் பார்க்காதீர்கள், காதையும் கொடுங்கள். வசனம் கேட்காத கொப்பியில் பாதிப் படம் இல்லை. அதற்காக, தேய்ந்த கொப்பி என்று எறிந்துவிடவும் வேண்டாம். 1983 கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது பல படங்களின் நெகட்டிவ்களும் போய்விட்டன. மிஞ்சியது ஒரு கீறல் விழுந்த கொப்பியாகவே இருக்கலாம்.

காமெடித் தொகுப்பை முழுப்படம் என்று நம்பி வாங்குவோரும் உண்டு. ஓடும் நேரத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். பெயரை மட்டும் நம்பினாலும் வம்புதான்: ‘சபாபதி’ என்று கேட்டால் 1941 படத்துக்குப் பதில் 2021இல் வந்தது கைக்கு வரும்!

அப்புறம், வீடியோ கசற். வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்ததை ஆசையில் உடனே டெக்கில் போடுவார்கள். எங்கள் மாரிகால ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அது டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கசற்றுக்கும் தொற்றும். கசற்றின் கண்ணாடி வழியே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்கி, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். பிலிம் சுருளில் வினாகிரி மணம் வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும், தனியே வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். சுருள் 1950களின் தொடக்கத்துக்கு முந்தியதென்றால் நைட்ரேட் என்ற பழைய வகைப் பிலிமாக இருக்கக்கூடும். எளிதில் தீப்பற்றும் சாமான், வீட்டில் வைக்கக் கூடாது.

பாட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். தலைப்புக் காட்சி அறுந்துபோன படத்துக்கு நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் அதில்தான் கிடைக்கும். வின்சர், ராஜா, மனோகரா என்று தியேட்டர் பெயர் போட்ட நோட்டீஸ் அகப்பட்டால் விடவே வேண்டாம். ஆனால் அதைக் கொண்டுபோய் லமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு கிழிக்காமல் பிரிக்க முடியாது.