1950-களின் செய்தித்தாள் குறுக்கெழுத்தை இன்று போடுவது எப்படி

கட்டத்துக்குள் போகும் முன்னால் தாளின் உச்சியில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத் தாள்களின் பொது அறிவுக் குறுக்கெழுத்தில் பாதிப் பேர் திணறுவது அறிவு போதாமல் இல்லை, இன்றைய பதிலை அன்றைய கட்டத்தில் திணிக்கப் பார்ப்பதால்தான்.

ஒரு உதாரணம். 'ஐ.நா. பொதுச் செயலாளர்' என்று குறிப்பு இருக்கிறது, மூன்றே கட்டம். 1946 முதல் 1952 வரையிலான தாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நார்வேக்காரர் ட்ரிக்வே லீ, ஆங்கிலத்தில் எல், ஐ, இ. அதே குறிப்பு 1953 கடைசியில் வந்தால் ஹாமர்ஷோல்ட், பன்னிரண்டு எழுத்து! தேதி தெரியாமல் உட்கார்ந்தால் இரண்டுமே தோன்றாது.

ஊர், நாட்டுப் பெயர்களும் அப்படித்தான். இலங்கை 1972 வரை சிலோன், கானா 1957 வரை கோல்ட் கோஸ்ட், தைவானுக்கு ஃபார்மோசா. சயாம் கொஞ்சம் சிக்கல்: 1939-ல் தாய்லாந்து ஆகி, போருக்குப் பின் மறுபடி சயாம் ஆகி, 1949-ல்தான் தாய்லாந்து என்று நிலைத்தது. பெர்சியா 1935-லேயே ஈரான் ஆகிவிட்டாலும் கம்பளம், பூனை, கவிஞர் என்று வரும் குறிப்புகளில் பழைய பெயர் விடாமல் தொடரும். வேதியியலிலும் இது உண்டு. 41-ஆம் தனிமத்துக்கு ஒன்பது கட்டம் விட்டிருந்தால் நியோபியம் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம், அமெரிக்கத் தாள்களில் அதற்குக் கொலம்பியம் என்றே பெயர். ஆர்கானின் குறியீடுகூட 1957 வரை வெறும் 'ஏ' தான்.

அப்புறம் கட்டத்தின் வடிவம். அமெரிக்கக் கட்டங்களில் ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இரண்டு சொற்களில் வரும், அதனால் தெரியாத ஆற்றின் பெயர்கூடச் சுற்றியுள்ள சொற்களாலேயே விழுந்துவிடும். பிரிட்டிஷ் பாணிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றுதான் குறுக்கே வெட்டும், மீதி எழுத்துகளுக்கு உங்கள் நினைவை மட்டுமே நம்ப வேண்டும். அங்கே நீளமான விடைகளை முதலில் பிடியுங்கள், ஒவ்வொன்றும் நாலைந்து விடைகளுக்கு ஓர் எழுத்தாவது தரும்.

குறிப்பு பன்மையில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் 'எஸ்' என்று பென்சிலால் லேசாகப் போடுங்கள், இறந்த காலமானால் 'இ', 'டி'. எப்போதும் சரியாக இருக்காது, ஆனால் பெரும்பாலும் கை கொடுக்கும்.

தாள் எங்கே கிடைக்கும் என்றால், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் இலவசம், அதில் பெரும்பாலான தாள்கள் 1954 வரை இருக்கின்றன. நியூசிலாந்துத் தாள்களுக்கு பேப்பர்ஸ் பாஸ்ட். கணினி படித்துத் தரும் எழுத்து வடிவத்தை நம்பாதீர்கள், எண்களைக் கன்னாபின்னாவென்று மாற்றியிருக்கும். பக்கத்தின் படத்தையே பெரிதாக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் உடனே இணையத்தில் தேடாமல் அதே இதழின் மற்ற பக்கங்களைப் புரட்டுங்கள் என்பேன். அன்றைய வாசகருக்குத் தெரிந்திருந்த அமைச்சர்கள், குதிரைப் பந்தயங்கள், கப்பல்களின் பெயர்கள் எல்லாம் அங்கேயே கிடக்கும். எனக்கு இதில் இருக்கும் சந்தோஷம் விடையில்கூட இல்லை, இப்படிப் புரட்டுவதில்தான். அந்தப் பக்கங்களும் போதவில்லை என்றால் அந்தக் காலத்து அட்லஸ் அல்லது கலைக்களஞ்சியம், பழைய பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

விடை பெரும்பாலும் அடுத்த நாள் இதழில் இருக்கும், வாரப் புதிர் என்றால் அடுத்த வார இதழில். சில இதழ்கள் சேகரிப்பில் விடுபட்டிருக்கும், அதனால் புதிரைத் தொடங்கும் முன்பே விடை வந்த இதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எட்டிப் பார்க்காமல்.