ஸ்டியரிங் திருப்பினால் சத்தமா? ரேக்கில் கை வைக்கும் முன்

ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். புதிதாகத் தொழில் பழகுகிறவர்களும் சரி, சொந்த வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களும் சரி, உடனே ஜாக்கியை எடுத்து வண்டியைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய வண்டியில் அந்தச் சத்தம் வராது, ஏனென்றால் எடை இறங்கிவிட்டது. பிறகு அனுமானத்தில் ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். வீல் நட்டைச் சரிபார்க்காதது போன்ற சின்ன விஷயங்களை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதிகம் செலவு வைக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

சத்தத்தைப் பிரிக்காமல் ஸ்பானரை எடுப்பது

முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வண்டி நிற்கும்போதே வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? சக்கரம் வேகமாகச் சுற்றினால் சத்தமும் வேகமாகிறதா? இடது, வலது இரண்டு பக்கம் ஒடித்தாலும் வருகிறதா?

நிற்கும்போதே வந்தால் சிவி ஜாயின்ட்டும் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மடங்கும் இணைப்பு) வீல் பேரிங்கும் பட்டியலிலிருந்து போய்விடும். சக்கரம் சுற்றாமல் அவை சத்தம் போடாது. வேகத்தோடு சேர்ந்து கூடினால், சுற்றுகிற பாகம்தான். ஸ்டியரிங் சக்கரத்துக்கு நேர் பின்னால் 'சர சர' என்று உரசினால் ஏர்பேக் வயர் சுருளைப் பாருங்கள். அதைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிட விசாரணை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ரேக்கின் மேல் பழி போடுவது

ரேக் என்பது ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு. இத்தனை வருடமாகியும் எரிச்சல் தரும் தவறு இதுதான். 'ரேக் போயிடுச்சு சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு ரேக் மாற்றி, இரண்டே வாரத்தில் அதே சத்தத்தோடு திரும்பி வரும் வண்டிகள் கொஞ்சமல்ல. கழற்றிப் போட்ட பழைய ரேக்கில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது.

ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. ரேக், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை), லிங்க் ராட் (வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பட்டையின் இணைப்புக் கம்பி) மூன்றும் ஒரே கிராஸ் மெம்பரை, அதாவது குறுக்குச் சட்டத்தை, ஒட்டி நிற்கின்றன. இரும்பு வழியாகச் சத்தம் பரவி ஓட்டுநரின் கால் பக்கம் கேட்கும். அங்கே ஸ்டியரிங் ராட் இறங்குவதால் மனசு நேரே ரேக்குக்குப் போய்விடும்.

நின்ற வண்டியில் ஒடிக்கும்போது 'டொய்ங்' அல்லது 'கடக்' என்று ஒரே அடியாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் இருக்கும் மவுன்ட் பேரிங். வண்டி தரையில் நிற்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். ஒருவர் மெதுவாக ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பட்டும். நீங்கள் மட்கார்டு வழியாக ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை லேசாக வையுங்கள். சுருள்களுக்கு நடுவில் விரல் போகக் கூடாது. டயர் திரும்பும் பக்கத்திலிருந்தும் கை விலகி இருக்க வேண்டும். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு கூடவே திரும்பும். இறுகிப்போயிருந்தால் ஸ்பிரிங் முறுக்கேறும், ஒரு கணம் தயங்கும், பிறகு கையைத் தட்டிவிடுவது போல ஒரு குதி குதிக்கும். சத்தமும் அதே நொடியில் வரும். அந்தத் துள்ளலை ஒருமுறை கையில் உணர்ந்தவர் அதை மறக்க மாட்டார்.

ஸ்பிரிங்கில் ஒன்றும் இல்லையென்றால், டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் ராடின் மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் இங்கும் அங்கும் ஆட்டச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் டக் என்பது கையிலேயே தட்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஸ்டியரிங் ஒரு இடத்தில் கனக்கும். பவர் ஸ்டியரிங் மோட்டார் ஸ்டியரிங் தண்டிலேயே (காலம், column) பொருத்தப்பட்டிருக்கும் கார்களில், மோட்டாருக்கும் அது சுழற்றும் வார்ம் கியருக்கும் நடுவில் உள்ள சிறிய ரப்பர் கப்ளிங் உதிர்ந்தாலும் இதே போலச் சின்ன டக் வரும். அதற்கும் ரேக்குக்கும் சம்பந்தமே இல்லை.

ரேக்கின் உண்மையான நோய் வேறு மாதிரி. ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே மோசமான ரோட்டில் 'கட கட' என்று வரும், கையிலும் அதிரும். நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் பினியன் (ரேக்கின் பற்களோடு சேரும் சிறு பற்சக்கரம்) வலதுபுறம் இருப்பதால், ரேக் தண்டைத் தாங்கும் புஷ் இடது கோடியில் இருக்கும். இடதுபக்க டை ராடை (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ரப்பர் உறைக்கு (பூட்) அருகில் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். உள்ளே தண்டே ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. பல ரேக்குகளுக்குப் புஷ் மட்டும் மாற்றினாலே போதும்.

இதைவிட ஆபத்தான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ரேக்கில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கி, 'டைட் வச்சாச்சு' என்று வண்டியை அனுப்பிவிடுவார்கள். சத்தம் சில நாள் அடங்கும். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் பல் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். தேய்ந்த நடுப்பகுதிக்குப் பொருந்தும்படி இறுக்கினால், தேயாத ஓரப் பற்களில் அது இறுகிப் பிடிக்கும். யூ டர்ன் எடுத்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வளைவு முடிந்தும் வண்டி அதே பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒரு சத்தத்தை அடக்கப் போய் உயிருக்கே உலை வைக்கும் வேலை இது. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றுவது

கூடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தை நோக்கித்தான் பாயும்.

லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பார்த்து 'நல்லா இருக்கு' என்பது

ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்திலோ மேட்டிலோ ஏறும்போதுதான் லிங்க் ராடில் முழு இழுப்பு விழும். வீட்டு வாசல் சாய்தளத்தில் ஒடித்து ஏறும்போது வரும் 'டொக் டொக்' பெரும்பாலும் அதன் வேலைதான். சந்தேகம் தீர ஒரு வழி: இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, ஸ்டெபிலைசர் பட்டையை எதிலும் உரசாதபடி கட்டிவிட்டு, அதே இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. அந்த நிலையில் வளைவில் வண்டி அதிகம் சாயும், வேகம் வேண்டாம்.

சத்தம் வந்த சிவி ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் அடைப்பது

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை (ஃபுல் கட்) ஒடித்து, முதல் கியரில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வட்டம் அடியுங்கள். 'டக்டக்டக்' என்று வேகத்தோடு கூடினால் வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. கிழிந்த பூட் வழியாக மண்ணும் நீரும் உள்ளே போய் இரும்புக் குண்டுகளும் அவை உருளும் தடமும் அரிபட்டிருக்கும், புதுக் கிரீஸால் அந்தக் குழி நிரம்பாது. பூட் கிழிந்தும் சத்தம் இன்னும் வராத ஜாயின்ட்டைத்தான் கழுவி, புதுக் கிரீஸும் புது ரப்பர் உறையும் போட்டுக் காப்பாற்றலாம். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்த கறை தெரிந்த அன்றே அதைச் செய்ய வேண்டும்.

வீல் பேரிங்கைப் பக்கம் மாற்றிப் போடுவது

இடதுபக்கம் ஒடிக்கும்போது 'ஊஊ' கூடினால் பளு வலது சக்கரத்தில் இருக்கிறது, சந்தேகம் வலது பேரிங் மேல். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றுகிறார்கள்.

பவர் ஸ்டியரிங் டாங்கில் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது

ஹைட்ராலிக் வண்டியில் 'உய்ங்' என்று முனகினால் அளவு குறைந்திருக்கும், அல்லது காற்று புகுந்து நுரைத்திருக்கும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும். மூடியில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். காற்றை எடுக்க, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தபடியே கடைசி முதல் கடைசி வரை பத்து இருபது முறை மெதுவாகத் திருப்பி, குறையக் குறைய நிரப்புங்கள். ஃபுல் கட்டில் வரும் 'ஸ்ஸ்' மட்டும் நோயல்ல, அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறக்கிறது. அங்கே ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்காதீர்கள்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைத் தொங்கும் சக்கரத்தில் இறுக்குவது

புதுப் புஷ் போட்டு, வண்டி லிஃப்டில் இருக்கும்போதே முழுக்க இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழிந்து, ஒடிக்கும்போது மறுபடி முனகல் வரும். தொங்கும்போது போல்ட்டைச் சும்மா பிடிக்கும் அளவுக்கு வையுங்கள். சக்கரம் தரையில் பதிந்து, வண்டியை நாலு முறை அமுக்கி விட்ட பிறகு, டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) கடைசி இறுக்கு.