பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்: மும்பையிலிருந்து புயல் அறிக்கை படிப்பது எப்படி

கடலில் ஏதோ உருவாகிறது என்றதும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் "புயலுக்குப் பேரு வச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பெயர் இருக்கட்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் முதலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

மணிக்கு 31 கி.மீ. முதல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் அத்துறையின் டெல்லி புயல் மையம் பெயர் சூட்டும். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல். இவை மூன்று நிமிடச் சராசரி. "65–75 கி.மீ., இடையிடையே 85" என்று போட்டிருந்தால், தகரக் கூரைக்கும் விளம்பரப் பலகைக்கும் 85-தான் கணக்கு. வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் இருந்தால், கி.மீ. ஆக்க 1.85-ஆல் பெருக்குங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இதைக் கவனிக்காமல்தான் பலர் பழைய நிலவரத்தைப் புதியது என்று பகிர்கிறார்கள்.

பெயர்கள் 2020 ஏப்ரலில் வெளியான பட்டியலிலிருந்து வருகின்றன. 13 நாடுகள், நாட்டுக்கு 13, மொத்தம் 169. நாடுகள் ஆங்கில அகரவரிசையில், வங்கதேசம் தொடங்கி ஏமன் வரை. பிறகு அடுத்த சுற்று. முதல் பெயரான நிசர்கா 2020 ஜூன் 3 அன்று அலிபாக் அருகே கரையைக் கடந்தது. ஒருமுறை வைத்த பெயர் திரும்ப வராது. 2021-இல் குலாப் புயல் வலுவிழந்து நாட்டைக் கடந்து, அதன் மிச்சம் அரபிக்கடலில் மறுபடி வலுத்தபோது ஷாஹீன் ஆனது. பெயர் முறைப்படி வருவது. புயலின் பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பெயர் வராவிட்டால் ஆபத்தில்லை என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் கொட்டியது 944 மி.மீ. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. இரண்டுக்கும் பெயரில்லை. ஊரில் அம்மா அப்பா இருந்தால் புயல் செய்தியோடு நிறுத்தாதீர்கள்; அந்த மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கையையும், அது ஆரஞ்சா சிவப்பா என்பதையும் பாருங்கள்.

வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பைப் புயலின் அகலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதன் எல்லை அது. கூம்புக்கு வெளியிலும் காற்றும் மழையும் உண்டு. 2021 மே மாதம் டவ்-தே மும்பையில் கரையேறவில்லை, குஜராத்துக்குத்தான் போனது. போகிற வழியிலேயே கொலாபாவில் 100 கி.மீ.க்கு மேல் காற்று வீசியது.

மும்பைக்காரர்கள் கடல் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நேரத்தில் கனமழை சேர்ந்தால் மழைநீர் கடலுக்குள் வடியாது. சயனிலும் குர்லாவிலும் தேங்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் வெளியே கிளம்பாதீர்கள். இங்கே உதவிக்கு மாநகராட்சியின் 1916. ஊரில் இருப்பவர்களிடம் மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்ட உதவி எண் 1077 இரண்டையும் கரண்ட் போவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.