ஹாங்காங் – நரிட்டா: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

முதலில், எந்த விமான நிலையம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு; ஹனேடா நகருக்கு உள்ளேயே இருக்க, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. இங்கே நரிட்டாவையே எடுத்துக்கொள்வோம்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் தூரம் சரியாக வராது. உருண்டையான பூமியின் மேற்பரப்பில் செல்லும் மிகக் குறுகிய பாதையையே கணக்கிட வேண்டும். ஹாங்காங் விமான நிலையம் 22.31 பாகை வடக்கு, 113.91 பாகை கிழக்கிலும், நரிட்டா 35.76 பாகை வடக்கு, 140.39 பாகை கிழக்கிலும் உள்ளன. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி, அதனுடன் அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் (26.48 பாகை) கோசைனையும் பெருக்கி வரும் தொகையைக் கூட்டினால் 0.8938 கிடைக்கும். எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று பார்த்தால், சுமார் 26.64 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் தூரம் ஏறத்தாழ 2,960 கி.மீ. ஆகிறது, பாகையை 60 ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கு, அதாவது சுமார் 1,600, நேரடியாகவே வந்துவிடும்.

நேரக் கணக்கில்தான் கூடுதல் கவனம் தேவை. பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்றாலும், அது சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகமே தவிர, தரையை ஒப்பிட்டதன்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் மேற்குக் காற்று மிக வலுவாக வீசும். வழி நெடுக அதன் சராசரி உதவி மணிக்கு 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், நரிட்டா நோக்கி 1,020 கி.மீ. வேகத்தில் 2 மணி 54 நிமிடமும், திரும்பும்போது 780 கி.மீ. வேகத்தில் 3 மணி 48 நிமிடமும் ஆகும். கோடையில் அந்தக் காற்று வலுவிழந்து வடக்கே நகர்வதால், இந்த இடைவெளி குறையும்.

பயணச்சீட்டில் காணும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவதில் முடிகிறது. ஆகவே ஓடுபாதை வரை ஊர்வதற்கும், மெதுவாக ஏறி இறங்குவதற்கும், வான்வழித் தடங்களின் வளைவுகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்குவதே பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால் போக ஏறத்தாழ 4 மணி நேரம், வர ஏறத்தாழ 5 மணி நேரம்.

இறுதியாகக் கடிகாரம். ஜப்பான் ஹாங்காங்கைவிட 1 மணி நேரம் முன்னே இருக்கிறது. இரண்டிலும் கோடைக்கால நேரமாற்றம் இல்லை. காலை 10:00 மணிக்கு ஹாங்காங்கில் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்தால், நரிட்டாவில் பிற்பகல் 3:00 மணி. மாலை 5:00 மணிக்கு அங்கிருந்து கிளம்பி 5 மணி நேரம் பறந்தால், ஹாங்காங்கில் இரவு 9:00 மணிதான் ஆகியிருக்கும். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு போக 5, வர 4 என்று தலைகீழாகத் தோன்றும் என்பதால், இரு நேரங்களையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.