புது எலும்பு மருந்து வருகிறதாமே: செய்தியை எப்படி வாசிப்பது?

இருபத்தாறு ஆண்டுகள் தோல்பையும் கையுமாக மதுரை எலும்பு மருத்துவர்களின் வாசலில் காத்துக் கிடந்தவன் நான், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. ஓய்வு பெற்றும் மைத்துனர் விடுவதில்லை. "அத்தான், எலும்புத் தேய்மானத்துக்குப் புது மருந்தாம். பங்கு வாங்கலாமா?" என்று மாதம் ஒரு செய்தி அனுப்புவார். அவருக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய் எது என்று பாருங்கள். மூட்டுத் தேய்வது வேறு. எலும்பு உள்ளே துளைவிட்டு மெலியும் எலும்புப்புரை வேறு. தலைப்பு எழுதுபவர்கள் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

அடுத்து, 'எலும்பு அடர்த்தி கூடியது' என்ற வரியில் மயங்காதீர்கள். எலும்புப்புரைக்கு ஃபுளோரைடை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. அதில் நான்கு ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை; மற்ற எலும்புகளிலோ முறிவு கூடிவிட்டது. சாக்பீஸும் கெட்டியாகத்தான் இருக்கிறது! ஆகவே முறிவுக் கணக்கைத் தேடுங்கள். எலும்புப்புரைக்கான டெனோசுமாப் ஊசியின் 2009 ஆய்வைப் பாருங்கள்: சுமார் 7,800 பெண்கள், மூன்று ஆண்டுகள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. மருந்து பெற்றவர்களில் 2.3 சதவீதம்.

முறிவு குறைந்தாலும் உடனே பங்கில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். மெர்க் கம்பெனியின் ஒடனகாடிப் மாத்திரை, 16,000 பெண்களுக்கு மேல் சோதிக்கப்பட்டு, முறிவைக் குறைக்கவும் செய்தது. பக்கவாத அபாயம் தெரிந்ததும் 2016-இல் அதைக் கைகழுவினார்கள். 2019-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ரோமோசோசுமாப் ஊசி எலும்பை வளர்க்கிறது. ஆனால் மாரடைப்பு, பக்கவாத எச்சரிக்கை அதன் அட்டையிலேயே இருக்கிறது. அதோடு, மாதம் ஒரு முறை வீதம் பன்னிரண்டு மாதம்தான் போடுவார்கள். ஒரு நோயாளியிடம் ஓராண்டு விற்பனைதான் என்பதை விற்பனைக் கணிப்புகளைப் படிக்கும்போது மறக்காதீர்கள்.

டெனோசுமாப் நேர்மாறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தொடர்ந்து போட வேண்டும். மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் சேர்ந்த எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் வரிசையாக முறியக்கூடும். கம்பெனிக்கு லாபமான குணம்தான். தவணையைத் தள்ளிப்போடும் நோயாளிக்கு ஆபத்து.

காப்புரிமைத் தேதியையும் பாருங்கள். 1995-இல் அமெரிக்காவுக்கு வந்த அலென்ட்ரோனேட் என்ற எலும்புப்புரை மாத்திரைக்கு அங்கே 2008-இல் காப்புரிமை முடிந்தது. மலிவான நகல்கள் குவிந்தன. டெனோசுமாப்புக்கும் அதே கதை: சாண்டோஸ் கம்பெனியின் ஒப்புமை மருந்துக்கு, அதாவது ஏறக்குறைய நகல் ஊசிக்கு, 2024-லேயே அமெரிக்க அனுமதி கிடைத்துவிட்டது. புதிதாக வருபவர் இந்த மலிவு மருந்துகளோடுதான் மோத வேண்டும்.

இன்னொன்று, எந்த அறிக்கையிலும் இருக்காது. அலென்ட்ரோனேட்டை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நூறு மருத்துவர்களிடம் இதை ஒப்பித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடுக்களைக்குள் போனால், அம்மா அந்த மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அப்படித்தானாம். வெறும் வயிற்றிலேயே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் ஏறாத மருந்து அது. காபி அதிலும் 60 சதவீதத்தைக் குறைத்துவிடும்.

"தண்ணீரில் போட்டால் குமட்டுகிறதப்பா" என்றார்.

அன்றிலிருந்து மைத்துனர் செய்தி அனுப்பினால், நான் முதலில் கேட்பது மாத்திரையா ஊசியா என்பதைத்தான்.