'வணக்கம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பைத்தானில் ஒரு முதல் பயிற்சி

பைத்தான் நிரல்மொழியில் சரங்களை (எழுத்துகளின் வரிசையாக வரும் உரைகளை) கையாளப் பழகும்போது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களையே எடுத்துக்கொள்கிறோம். முதல் நாளிலிருந்தே தமிழ்ச் சொல்லை வைத்துப் பழகுங்கள் என்பேன். கணினி எழுத்துகளை எப்படி வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஃபார், இஃப் இரண்டும் தெரிந்திருந்தால் போதும்.

பைத்தான் 3-இன் ஷெல்லை (ஒவ்வொரு வரியையும் அடித்தவுடன் விடை காட்டும் சாளரத்தை) திறந்து இதை அடியுங்கள். மாறியின் பெயரும் தமிழில் இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

சொல் = "வணக்கம்"

முதலில் எளிமையானவை. சொல் + "!" என்றால் ஒட்டிக்கொள்ளும். சொல்[0] என்றால் 'வ' வரும், எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால். சொல் == "வணக்கம் " என்று கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், ஃபால்ஸ் என்று வரும். பயனர் தட்டும் உரையில் இந்த இடைவெளி அடிக்கடி ஒளிந்திருக்கும், ஸ்ட்ரிப் (strip) அதை நீக்கிவிடும்.

சரி, இனி முதல் மூன்றை வெட்டுவோம்.

சொல்[:3]

வருவது 'வணக'. 'க்' கேட்டோம், புள்ளி எங்கே? அடுத்து, திருப்பிப் போடுங்கள்.

சொல்[::-1]

இப்போது ஒரு புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கும், அதன் பின்னால் 'மக்கணவ'. நமக்கு இது 5 எழுத்து. நீளத்தைச் சொல்லும் லென் (len) கொடுத்துப் பாருங்கள், 7 என்கிறது. காரணம் யூனிகோட், அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் பொது முறை. அதில் 'க்' என்பது 'க' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடுகள். பைத்தான் எண்ணுவது குறியீடுகளை.

இதைச் சரிசெய்வதுதான் உண்மையான பயிற்சி. புள்ளிக்கும் துணையெழுத்துகளுக்கும் யூனிகோட் எண்கள் 3006 முதல் 3021 வரைக்குள் இருக்கின்றன. ஒரு குறியீட்டின் எண்ணை ஆர்ட் (ord) சொல்லிவிடும். அதனால் முதலில் ஒரு வெற்றுப் பட்டியல்:

எழுத்துகள் = []

ஃபார் சுற்றில் சொல்லின் ஒவ்வொரு குறியீட்டையும் 'குறி' என்ற மாறியில் எடுங்கள். அதன் எண் அந்த வரம்புக்குள் இருந்தால், முந்தைய எழுத்தோடு சேர்க்க வேண்டும்:

எழுத்துகள்[-1] += குறி

இல்லையென்றால் அது புது எழுத்து:

எழுத்துகள் += [குறி]

சுற்று முடிந்ததும் எழுத்துகள்[::-1] கொடுத்தால்:

['ம்', 'க', 'க்', 'ண', 'வ']

பட்டியலின் நீளம் 5. ஜாயின் (join) கொண்டு சேர்த்தால் 'ம்கக்ணவ', ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. ('க்ஷ' மட்டும் இந்த முறையில் இரண்டாகப் பிரியும். அதற்குத் தனியாக ஓர் இஃப் எழுதிப் பாருங்கள்.)

அப்புறம் 'கொக்கு'. இதில் 'கொ'வின் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் == ஃபால்ஸ் என்னும். யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிலுள்ள நார்மலைஸ் (normalize) இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். தமிழ் உரையில் எதையாவது தேடும் நிரல் எழுதினால், ஒப்பிடுவதற்கு முன் அதை ஓட்டிவிடுங்கள்.