எலூல் மாத ஆயத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா திஷ்ரி மாதத்தின் முதல் நாளில் பிறக்கிறது. அதற்கு முந்திய எலூல் மாதத்தின் 29 நாட்களும் மனந்திரும்புதலுக்கான ஆயத்த காலம். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதரின் வழிவந்த அஷ்கெனாசி மரபினர் சனிக்கிழமை ஓய்வுநாட்களும் பண்டிகைக்கு முந்தைய நாளும் நீங்கலாகக் காலைதோறும் ஷோபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் யூதரின் வழிவந்த செபார்தி மரபினர் மாதம் முழுவதும் செலிகோட் என்னும் மன்னிப்பு வேண்டுதல்களைச் சொல்கிறார்கள். இவ்வளவு இருந்தும், விருந்து ஏற்பாடுகளிலேயே மாதத்தைக் கழித்துவிட்டு, தன்னாய்வைப் பண்டிகை நாளின் நீண்ட தொழுகைக்கு ஒத்திவைப்பது பலரிடம் காணப்படும் தவறு.

அம்மாதத்தில் வாசிக்கப்படும் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், பகுதிகளைப் புத்தாண்டோடு தொடர்பற்றவை என்று கருதிக் கடந்துபோவது அதைவிடப் பெரிய இழப்பு. தோராவின் ஆண்டு வாசிப்பு ரோஷ் ஹஷானாவில் தொடங்குவதில்லை. அதே திஷ்ரி மாதத்தில் பின்னர் வரும் சிம்ஹாத் தோரா என்னும் பண்டிகை நாளில்தான் அது முடிந்து மீண்டும் தொடங்குகிறது. ஆகவே எலூலில் தோராவின் கடைசி நூலான உபாகமமே வாசிக்கப்படுகிறது. அதில் 'கி தேட்சே' என்ற பகுதி, மரபுக் கணக்கின்படி 74 கட்டளைகளைக் கொண்டது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும், காணாமற்போன பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், பையில் இருவகை எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்பவற்றை ஒவ்வொன்றாகத் தம் கடந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, தன்னாய்வுக்கு வேறு வழிகாட்டி தேவைப்படாது. அப்பகுதியின் தொடக்கத்தில் வரும் போரை, மனத்தின் தீய நாட்டத்தோடு நிகழும் போராக ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கத்தின் ஆசிரியர்கள் விளக்குவார்கள். அழகிய விளக்கம்தான், ஆனால் அந்த உருவகத்திலேயே நின்றுவிடுபவர், தாம் கொடுக்காமல் வைத்திருக்கும் கூலியை மறந்துவிடுவார் என்பதே என் கவலை.

அடுத்து வரும் 'கி தாவோ' பகுதியின் சாபங்கள் தாழ்ந்த குரலில் வாசிக்கப்படுவதால், அவற்றை வெறும் அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்வோர் உண்டு. ஆண்டும் அதன் சாபங்களும் ஒருசேர முடிந்துபோக வேண்டும் என்பதற்காகவே புத்தாண்டுக்கு முன் இவற்றை வாசிக்கும்படி வேத அறிஞர் எஸ்றா விதித்தார் என்று, யூத மறைச்சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் காரணம் சொல்கிறது.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு, மனிதருக்குச் செய்த தீங்குக்குக் கடவுளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது. பிறருக்கு இழைத்த குற்றத்தை, அவரைச் சமாதானப்படுத்தும் வரையில் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர்கூடப் போக்காது என்று, யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. 'தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்' என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது இக்கடமையை நிறைவேற்றாது என்றே நான் நினைக்கிறேன். குற்றம் இன்னதென்று சொல்லப்படாத இடத்தில், பாதிக்கப்பட்டவர் எதை மன்னிப்பார்? பறித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் நேரில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்றும், மறுத்தால் நண்பர்கள் மூவரோடு மூன்று முறை வரை செல்ல வேண்டும் என்றும் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் விதிக்கிறார். மனதார மன்னிப்புக் கேட்பவரிடம் இரக்கமின்றி நடந்துகொள்வதையும் அவர் தடை செய்கிறார். மன்னிக்க வேண்டியவருக்கும் எலூலில் வேலை இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

புத்தாண்டின் இரண்டாம் நாள் வாசிப்பான, ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் சென்ற வரலாற்றைப் பலரும் ஆழ்ந்து படிக்கிறார்கள். முதல் நாள் வாசிப்பான ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. அதில் ஆபிரகாமின் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பணிப்பெண் ஆகார், தண்ணீர் தீர்ந்துபோன நிலையில் தன் மகன் இஸ்மவேலை ஒரு செடியின் கீழ் விட்டு அழுகிறாள். பிள்ளை இருக்கும் இடத்திலேயே கடவுள் அவன் குரலைக் கேட்கிறார். மனிதன் அந்த வேளையில் அவனிடமுள்ள செயல்களைக் கொண்டே நியாயந்தீர்க்கப்படுகிறான் என்பதற்குத் தல்மூத் இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறது. எலூல் முழுவதும் வீணாகிவிட்டது, இனித் தொடங்கிப் பயனில்லை என்று கைவிடுபவர் இதைப் படிக்க வேண்டும். ரோஷ் ஹஷானா தொடங்கி யோம் கிப்பூர் வரையிலான பத்து நாட்களும் மனந்திரும்புதலின் நாட்களே. நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பை அவற்றுக்குள் கேட்டுவிட முடியும்.